இழுத்துப் பார்க்கிறவர்

கனகவல்லி நகரில் ஒருவருடைய சாவிக்கு அவருடைய கார் திறக்காமல் வேறொரு கார் திறந்தால், அந்தக் கார் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்கு அவர் குடிபோய்விட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வரை அவகாசம் உண்டு. அதற்குள் வீட்டிலேயே வைத்துச் சரிசெய்துகொண்டால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடக் கூடாது. வெளியாள் கை பட்டால் கார் மனம் முறிந்துவிடும் என்பது பாளையங்கோட்டையின் அந்தக் கோடியில் குடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

இதில் யாரும் பெரிதாக நொந்துகொள்வதும் இல்லை. போன மழைக்காலத்தில் வங்கி மேலாளர் ஒருவர் மூலை வீட்டுக்குப் போக நேர்ந்தது. ஒரு பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். பழைய வீட்டில் ராத்திரிக்குத் தோசை, புது வீட்டில் இட்லி. அவ்வளவுதான் வித்தியாசம். பழைய வீட்டு மனைவி இப்போதும் காய்கறி வண்டியருகே அவரைப் பார்த்தால், உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரிக்கிறாள்.

திங்கட்கிழமை காலை ஆவுடையப்பன் வேலைக்குக் கிளம்பி, போர்ட்டிகோவில் நின்று சாவியின் பொத்தானை அமுக்கினார். அவருடைய வெள்ளைக் கார் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். எதிர்வீட்டு வாசலில் நின்ற மெரூன் கார் ‘கீக்’ என்று சத்தம் போட்டு, விளக்குகளைச் சிமிட்டியது. ஆவுடையப்பன் சாவியைச் சட்டென்று பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பால்காரர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்காத மாதிரி போனதுதான் சரியாகப் படவில்லை.

“சத்தம் எதுத்த வீட்ல இருந்துல்லா வருது” என்று உள்ளேயிருந்து செண்பகம் சொன்னாள்.

செண்பகம் அவர் மனைவி. சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தவளுக்கு, கடுகு வெடிக்கிற சத்தத்தையும் மீறி, அந்த ஒரு ‘கீக்’ எப்படிக் கேட்டது? காதைத் தெருவிலேயே வைத்துக்கொண்டு இருந்தாளா? ஆவுடையப்பன் அன்றைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போனார். வழியெல்லாம் இதே யோசனை.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு தனியார் உரக் குடோனில் மேற்பார்வையாளர். அங்கே கதவைப் பூட்டினால் மட்டும் போதாது. பூட்டியவர் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். அவர் இழுத்ததை இன்னொருவர் இழுத்துப் பார்ப்பார். கடைசியில் மேற்பார்வையாளர் வந்து, பூட்டில் ஏறக்குறைய ஆளே தொங்குவார். அந்தத் தொங்கல் ஆவுடையப்பனுக்கு உடம்போடு ஊறிவிட்டது. சந்தேகம் என்பது அவர் கணக்கில் கெட்ட குணமே அல்ல, வேலைத் திறமை. அதைப் பாராட்டிக் குடோன் முதலாளி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்திருந்தார். அது சரியான நேரம்தான் காட்டுகிறதா என்று தினமும் செல்போனில் ஒத்துப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு. செண்பகம் இரண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போனாலே அவருக்கு வீடு வீடாக இருக்காது. கட்டிலில் படுத்தால் சுவர் தள்ளிப் போய்விட்ட மாதிரி தோன்றும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் என்ன நினைத்துக்கொள்வாளோ என்று ஒரு சந்தேகம். இப்போது வெள்ளிக்கிழமைக்குள் சாவி சரியாகாவிட்டால் அவர் ஜெபசிங் வீட்டுக்குப் போக வேண்டும். எதிர்வீடுதான், பத்தடி தூரம் இருக்காது. ஆனாலும் செண்பகம் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கிவிட்டார். எல்லாரும் முதலில் பேட்டரியைத்தான் பார்ப்பார்கள். சாவியின் ஓரத்தில் இருந்த பிளவில் சின்னத் திருப்புளியை விட்டு நெம்பி, உள்ளே காசு மாதிரி இருந்த பேட்டரியை எடுத்துக்கொண்டு கடிகாரக் கடைக்குப் போனார். கடைக்காரர் புதிய பேட்டரியை அவர் உள்ளங்கையில் வைத்து, “எதுத்த வீடா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“எப்படிச் சொல்லுதிய?”

“முகத்தப் பாத்தாத் தெரியாதா?”

ஆவுடையப்பன் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சலூன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். அதில் எதிர்வீடு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அப்படியானால் அந்த ஆளுக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, சாவிக்குள் இருந்த தகட்டுக் கால்களை ரப்பரால் அழுத்தித் தேய்த்தார். புதிய பேட்டரியைப் போட்டு, மூடியை அமுக்கி, வாசலுக்கு வந்து பொத்தானைத் தொட்டார். வெள்ளைக் கார் அசையவில்லை. எதிர்வீட்டுக் கார் இந்த முறை விளக்கைச் சிமிட்டியதோடு நிற்காமல், மடங்கியிருந்த இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் விரித்துக்கொடுத்தது. அது வாங்க வாங்க என்று சொல்வதைப் போல இருந்தது. ஆவுடையப்பன் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போனார்.

செவ்வாய்க்கிழமை குடோனில் ஒருவர் ஒரு வழி சொன்னார். சாவியைத் தாடைக்குக் கீழே ஒட்டிவைத்துக்கொண்டு அமுக்கினால் சாவியின் சிக்னல் மண்டை வழியாக ஏறித் தூரம் கூடுமாம். சாயங்காலம் ஆவுடையப்பன் போர்ட்டிகோவில் கழுத்தை நீட்டி, சாவியைத் தாடையில் வைத்து, தன் காரின் மூக்குக்கு நேரே நின்று அமுக்கினார். எதிர்வீட்டுக் காரின் டிக்கி மெல்லத் திறந்துகொண்டது.

அதை மூட வேண்டியது அவர் கடமை அல்லவா? தெருவைக் கடந்து போய்ப் பார்த்தார். டிக்கிக்குள் ஒரு புதுத் தலையணை இருந்தது. மேலே சுற்றிய பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்த வீட்டு மேரி புஷ்பம் வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். எதையும் சுற்றி வளைக்காமல் நேரே கேட்டுவிடுவாள்.

“அண்ணாச்சி, ஒங்களுக்குத் தலைகாணி ஒசரமா இருக்கணுமா, தாழ இருந்தாப் போதுமா? மைனிட்டக் கேட்டேன். ஒங்களையே கேக்கச் சொல்லிட்டாவ.”

“இன்னும் வெள்ளிக்கிழமை வரலல்லா” என்றார் ஆவுடையப்பன்.

“கடைக்காரன் மாத்தித் தரமாட்டாம்லா, அதுக்குத்தான் கேட்டேன்” என்றாள் மேரி புஷ்பம்.

திரும்பி வந்தவர் வீட்டுக்குள் பார்த்த காட்சி அவர் சந்தேகத்துக்கு நெய் வார்த்தது. செண்பகம் கட்டிலில் உட்கார்ந்து அவருடைய சட்டைகளை மடித்து ஒரு பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பொங்கலுக்கு முந்தின நாள் அலமாரியை ஒதுங்கவைக்கிறவளுடைய முகம்தான்.

“என்னட்டி செய்யுத?”

“எதுக்கும் இருக்கட்டும்லா. கடேசி நேரத்துல தேடிக்கிட்டு நிக்கப்பிடாது.”

அவர் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். எல்லாச் சட்டையும் இருந்தது. நீலக்கட்டம் போட்ட சட்டை மட்டும் இல்லை. அது எங்கே என்று கேட்டார். பட்டன் விழுந்துவிட்டது, தைக்க வேண்டும் என்றாள். அவர் அலமாரியைத் திறந்து பார்த்தார். நீலக்கட்டச் சட்டை தொங்கியது. பட்டன் இல்லை. பட்டன் தானாக விழுந்ததா, இவள் பிய்த்தாளா? பிய்த்திருந்தால், அவர் சட்டை ஒன்றாவது வீட்டில் கிடக்கட்டும் என்று பிய்த்தாளா, இல்லை, சீக்கிரம் மூட்டையைக் கட்டிவிட வேண்டும் என்று ஒரு சட்டையைக் கழித்துவிட்டாளா? இதையெல்லாம் எப்படிக் கேட்பது? கேட்காமல் அந்த நூல் நுனியை மட்டும் இழுத்துப் பார்த்தார். ஏற்கெனவே இற்றுப்போன நூல்தான். ஆனால் நூல் இற்றுப்போவதற்கும் காரணம் இருக்கலாம்.

புதன்கிழமை மாற்றுச் சாவியை எடுத்தார். பீரோவில் நகைப் பெட்டிக்குக் கீழே, இரண்டு துணிப்பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருந்தார். அவர் கையில் அதுவும் வேலைசெய்யவில்லை. எதிர்வீட்டுக் காரைத்தான் திறந்தது. செண்பகம் வந்து, “குடுங்க பாப்பம்” என்று வாங்கி அமுக்கினாள். வெள்ளைக் கார் குழந்தை மாதிரி ‘கீக்’ என்றது. பழைய சாவியை வாங்கி அமுக்கினாள். அதற்கும் ‘கீக்’.

ஆக, சாவி இரண்டும் நல்ல சாவிதான். கோளாறு கையில் இருக்கிறது.

ஆவுடையப்பன் கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். உரம் அள்ளுகிற இடத்தில் வேலைசெய்கிற கை, எதுவும் ஒட்டியிருக்கலாம். பிறகு சீயக்காய் போட்டுப் பார்த்தார். கடைசியில் குடோனிலிருந்து கொண்டுவந்த ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு அமுக்கினார். எதிர்வீட்டுக் கார் யாரென்று சற்று யோசித்துவிட்டு, பிறகு திறந்துகொண்டது.

அன்று மத்தியானம் அவர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தலைவலி என்று சொல்லி அரைநாள் லீவு போட்டிருந்தார். ஜெபசிங் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை, எப்போதும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிகிற ஆள். அவன் தன் வாசலில் நின்று சாவியை எடுத்து அமுக்கினான். அவனுடைய மெரூன் கார் பேசாமல் நின்றது. ஆவுடையப்பனின் வெள்ளைக் கார், அவர் கண்ணெதிரே, அவனுக்கு விளக்கைச் சிமிட்டியது.

ஜெபசிங் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மேலே ஆவுடையப்பன் வீட்டு மாடியையும் ஒரு பார்வை பார்த்தான். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, முருங்கைக் கிளை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தான். குடிவரப் போகிற வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருமா என்று பார்க்கிற பார்வை. ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. அப்போது செண்பகம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜெபசிங் அவளிடம் ஏதோ கேட்டான். அவள் ஏதோ சொன்னாள். என்ன என்று காதில் விழவில்லை.

“அவன் என்ன கேட்டான்?” என்று அவள் இறங்கி வந்ததும் கேட்டார்.

“இன்னைக்கு நல்ல தண்ணி வருமான்னு கேட்டாவ.”

“நீ என்ன சொன்ன?”

“வரும்னு சொன்னேன்.”

அவர் உடனே போய் நல்ல தண்ணிக் குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் அவருக்கு ஏனோ நிம்மதி வரவில்லை.

வியாழக்கிழமை மாலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் பிச்சையா வந்தார். கடைசி நாளைக்கு முதல் நாள் வந்து பார்ப்பது வழக்கம். நாற்காலியில் உட்காராமல் வெள்ளைக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் மட்டும் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று இருந்ததை விரலால் தடவிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, வண்டியப் பூட்டுன பொறவு கைப்பிடிய இழுத்துப் பாக்கியளா?”

“எல்லாரும் பாக்குறதுதான?”

“ஒரு வாட்டியா?”

வாசல்படியில் நின்ற செண்பகம் சொன்னாள். “பூட்டுன ஒடனே இழுப்பாவ. உள்ள வருவாவ. செருப்பக் கழத்துறதுக்குள்ள திரும்பப் போயி இழுப்பாவ. சாப்பிட்டுட்டுப் பொறவு ஜன்னல் வழியா அமுக்குவாவ. படுத்துக்கிட்டே அமுக்குறதும் உண்டு. அங்க இருந்து அமுக்குனா அதுக்குக் கேக்கவே கேக்காது, ஆனா அமுக்குவாவ.”

பிச்சையா காரின் மேல் கையை வைத்துக்கொண்டு, “வண்டிக்கு எப்படி இருந்திருக்கும், பாவம்” என்றார்.

“எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்” என்றாள் செண்பகம். “நான் கேஸ அடச்சிட்டேன்னு சொன்னா, போயித் திருகிப் பாப்பாவ. அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னா, நான் போயி எறங்குமுன்ன அக்காவுக்குப் போன் வந்திரும்.”

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். ஆவுடையப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் அக்காவுக்குப் போன் செய்வது செண்பகம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்கத்தான். அதில் சத்தியமாகப் பொய் இல்லை. ஆனால் அவள் அக்கா வீட்டுக்குத்தான் போனாளா என்பதும் அதே கேள்வியில் தெரிந்துவிடும். இந்த இரண்டில் எதற்காகத் தான் போன் செய்கிறோம் என்று அவருக்கே இதுவரை சரியாகத் தெரியாது.

பிச்சையா எதிர்வீட்டுக்கும் ஆள் அனுப்பி ஜெபசிங்கை வரவழைத்தார். “ஒங்க கத வேற தினுசு. நீங்க வண்டியப் பூட்டுறதே இல்ல. அது ராவெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டுக் கெடக்கு. இப்ப போயி ஒரு தடவ, மனசாரப் பூட்டுங்க” என்றார். ஜெபசிங் சிரித்துக்கொண்டே போய்ப் பூட்டினான். மெரூன் கார் உடனே ‘கீக்’ என்று அவனுடைய காராகிவிட்டது. அவன் சாவிக்கு வெள்ளைக் கார் அதற்குப் பிறகு அசையவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு வியாதி தீருமா என்று ஆவுடையப்பனுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அவருடைய சாவிக்கும் மெரூன் கார் இன்னும் திறந்துகொண்டுதான் இருந்தது.

“அப்ப எங்க வீட்ல ரெண்டு ஆம்பளையா இருக்கும்” என்றாள் தன் வாசலில் நின்ற மேரி புஷ்பம். “பரவால்ல, எடம் இருக்கு.”

ஆவுடையப்பனுக்குச் சொன்ன வைத்தியம் சற்றுக் கடினமானது. வெள்ளிக்கிழமை காலை காரின் நான்கு கதவுகளையும் பூட்டாமல் விட்டுவிட வேண்டும். சாவியைக் காரின் முன்மூடி மேல் வைத்துவிட வேண்டும். மனைவியோடு சேர்ந்து தெருக்கோடிப் பால் பூத் வரைக்கும் நடந்து போய்த் திரும்ப வேண்டும். போகும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் போனால் வந்து சாவியைத் தொட்டதும் கார் பேசும். பார்த்தால் பை தயாராக இருக்கிறது.

“கழுத்துத் திரும்பப்பிடாது அண்ணாச்சி. அது ஒண்ணுதான்” என்றார் பிச்சையா.

வெள்ளிக்கிழமை காலை தெருவே வாசலில் நின்றது. ஆவுடையப்பன் குளித்து, திருநீறு பூசி, சாவியைக் கார் மேல் வைத்தார். வைத்த கை சாவியை விட்டு வர மறுத்தது. செண்பகம், “வாங்க” என்றாள். அவர் நடந்தார்.

இரண்டு வீடு தாண்டும் முன்பே பின்னால் ஏதோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கார்க் கதவா, வீட்டுக் கதவா? யாரோ இருமினார்கள். யாரோ மணலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். ஜெபசிங் பாடுகிற அந்தப் பாட்டு கேட்டது, பிறகு கேட்கவில்லை. பாட்டு ஏன் நின்றது? பாடிக்கொண்டே ஒரு காரைத் திருட முடியாது, அதனால்தான் நிறுத்தினானா? ஆவுடையப்பனின் பிடரியில் வியர்த்து வழிந்தது. பக்கத்தில் செண்பகம் ஒரே சீராக நடந்துவந்தாள். அவள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் திருப்புவதும் கழுத்தைத் திருப்புவதுதானா என்று கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. நேரே பார்த்துக்கொண்டே நடந்தார். இவள் இல்லாமல் தன்னால் ஒரு நாள் தள்ள முடியாது என்பது அந்த நடையில் அவருக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. சரியாகிவிட்டால் இன்றைக்கே அதை அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்.

பால் பூத் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு கண்ணாடி. அது சரியாக அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கழுத்துத் திரும்பக் கூடாது என்றுதான் பிச்சையா சொன்னார். ஆவுடையப்பனின் கழுத்து ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. கண் மட்டும் போயிற்று. கண்ணாடிக்குள் வெள்ளைக் கார் சின்னதாக நின்றது. கதவுகள் மூடியே இருந்தன. சாவி வைத்த இடத்தில் இருந்தது. ஜெபசிங் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். யாரும் எதையும் செய்யவில்லை. ஆவுடையப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது.

அதே கண்ணாடியின் ஓரத்தில் செண்பகத்தின் முகம் இருந்தது. அவள் அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் பூத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் அவருக்குச் சற்று முன்னால் நடந்தாள்.

வீட்டு வாசலுக்கு வந்து சாவியை எடுத்து அமுக்கினார். வெள்ளைக் கார், எத்தனையோ நாள் பேசாமல் இருந்தவள் வாயைத் திறந்த மாதிரி, ‘கீக்’ என்றது. எதிர்வீட்டுக் கார் அசையவில்லை. தெரு கைதட்டியது. பிச்சையா அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மேரி புஷ்பம் தலையணையை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டே உள்ளே போனாள். ஆவுடையப்பன் காரைத் திறந்தார், பூட்டினார். கைப்பிடிப் பக்கமே போகவில்லை. சிறுபிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது. குளித்துக் கட்டிய வேட்டியோடு அப்படியே வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

பத்து மணி வாக்கில் ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். போர்ட்டிகோவின் நிழலில் செண்பகம் தரையில் உட்கார்ந்து, முறத்தில் அவரைக்காயைக் கொட்டி நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“செண்பகம், வா, வண்டியில ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்” என்றார்.

“இந்தா வாரேன்” என்று எதிர்வீட்டிலிருந்து மேரி புஷ்பத்தின் குரல் கேட்டது.

செண்பகம் தலையைத் தூக்கவில்லை. அடுத்த அவரைக்காயை எடுத்தாள். மேரி புஷ்பம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்து, கேட்டைத் திறந்தாள்.

“கூப்பிட்டியளா அண்ணாச்சி?”

“நான் செண்பகத்தைல்லா கூப்பிட்டேன்.”

“ஆமா, கேட்டுச்சே” என்றாள் மேரி புஷ்பம்.

ஆவுடையப்பன் செண்பகத்தின் எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் முகத்துக்கு நேரே, “செண்பகம்” என்றார்.

“சொல்லுங்க” என்றாள் பின்னால் நின்ற மேரி புஷ்பம்.

முறத்தில் நார் குவிந்துகொண்டிருந்தது. சாவி சரியாகிவிட்டது, கோளாறு இப்போது கூப்பிடுகிற குரலுக்கு வந்துவிட்டது என்று ஆவுடையப்பனுக்குப் புரிந்தது. பிறகு மேரி புஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

“நான் கண்ணாடியில பாத்துட்டேன்னு அவகிட்டச் சொல்லுங்க.”

“மைனி, அண்ணாச்சி கண்ணாடியில பாத்துட்டாவளாம்.”

“தெரியும்னு சொல்லு” என்றாள் செண்பகம்.

“தெரியுமாம்” என்றாள் மேரி புஷ்பம்.

“அவ இல்லாம என்னால ஒருநாள் இருக்க முடியாது. அதையும் சொல்லுங்க” என்றார் ஆவுடையப்பன். சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷம் வைத்திருந்ததைக் கணக்கு டீச்சரிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மேரி புஷ்பம் அதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். அவரைக்காய் உரித்த விரல்கள் நின்றன. செண்பகம் சற்று யோசித்தாள்.

“நெசமாவான்னு கேளு” என்றாள்.

மேரி புஷ்பம் கேட்பதற்காக அவர் பக்கம் திரும்பினாள். அதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஜெபசிங், “புஷ்பம்! என் கண்ணாடிக் கூடு எங்க?” என்று குரல் கொடுத்தான்.

“இந்தா வாரேன்” என்று சொல்லிக்கொண்டே செண்பகம் எழுந்தாள். மடியில் விழுந்திருந்த நாரைத் தட்டிவிட்டாள். கேட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து, தெருவைக் கடந்து போனாள்.

“நெசந்தான்” என்றார் ஆவுடையப்பன்.

“மைனி வந்ததும் சொல்லுதேன்” என்று மேரி புஷ்பம் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மீதி அவரைக்காயை உரிக்கத் தொடங்கினாள்.